சக்கரத்தடியில் நசுங்காத எலுமிச்சை

செப். 6, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

இன்றைய வேலை: கேஸ் புக் செய்ய. அம்மா கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்ற. பதினோரு மணிக்குக் கோரமங்களாவில் விமானப் பயிற்சிப் பள்ளிக் கூட்டம். மூன்றாவது மட்டும் நடந்தது.

ஹோட்டல் ஹால். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், பக்கத்தில் ஃபைலோடு அப்பாக்கள். முப்பத்தொரு வயதில் தனியாக வந்தவள் நான் ஒருத்தி. பக்கத்து நாற்காலி அப்பா என்னிடம், "உங்க பையனுக்கா மேடம்?" "எனக்கு." அவர் தன் ஃபைலைத் திறந்து புரட்ட ஆரம்பித்தார்.

திரையில் பெரிய எழுத்து: பூஜ்யத்திலிருந்து பயிற்றுநர் வரை, பதினான்கே மாதம். அதாவது விமானமே ஏறாத ஆள் உள்ளே போய், மற்றவருக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தகுதியோடு வெளியே வரலாம். பிறகு அதே பள்ளியில் வேலை. பேசியவர் விவேக், சேர்க்கைப் பொறுப்பு. வழவழப்பான தமிழும் ஆங்கிலமும்.

எழுந்து கேட்டேன்: "இதுவரைக்கும் எத்தனை பேர் சேர்ந்தாங்க சார்? அதுல எத்தனை பேர் இன்ஸ்ட்ரக்டர் ஆனாங்க?"

"குட் கொஸ்டின் மேடம். ஆனா ஒண்ணு, கனவு காண்றவங்க டேட்டா கேட்க மாட்டாங்க."

கைதட்டினார்கள். அப்பாக்களும்.

பீன்யா தொழிற்பேட்டையில் வால்வுகளின் துளையை அளந்து பார்ப்பது என் வேலை. பதினோரு வருடம். அளக்காமல் ஒரு துண்டைக்கூட வெளியே விட்டதில்லை. கனவு காண்பவளும் டேட்டா கேட்பாள், விவேக். பேருந்தில் வரும்போதுதான் இந்தப் பதில் வாயில் வந்தது. வழக்கம் போல ஒரு மணி நேரம் தாமதம்.

மொத்தச் செலவு எவ்வளவு என்று கையில் தாள் கொடுத்தார்கள். அந்த எண்ணை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. எழுதினால் திறக்கும்போதெல்லாம் அது மட்டும்தான் கண்ணில் படும். அத்திபெலே மனையை விற்று, மேலே வங்கிக் கடனும் வாங்க வேண்டும். அவ்வளவு.

செப். 7, ஞாயிறு

வெயில். துணி ஒருவழியாகக் காய்ந்தது.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"பெரிய பிளைட்டா, சின்ன பிளைட்டா?"

"சின்னதும்மா. ஓட்டுறதுக்கு மட்டும் இல்ல, கத்துக்குடுக்கிறதுக்கு."

"அதான பாத்தேன். உனக்கு அதான வரும்."

எனக்கே அப்போதுதான் தெளிவானது. கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு அளவுக் கருவியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரம்தான் அந்த வாரத்திலேயே எனக்குப் பிடித்த அரை மணி நேரம். ஏர்லைன்ஸ் சீருடை வேண்டாம். கண்ணாடிக் கதவு, தொப்பி, எதுவும் வேண்டாம். பக்கத்து இருக்கையில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர் கையிலிருந்து பயம் இறங்குவதைப் பார்க்க வேண்டும். அதுவும் மேலே. பிளஸ் டூவில் பிசிக்ஸ், மேத்ஸ் இருக்கிறது. தகுதி இருக்கிறது.

அம்மா கீரையைக் கழுவிவிட்டு: "பத்திரம் பீரோவுல சும்மாதான கெடக்குது."

அந்த மனை அம்மா வாங்கியது. நான் இரண்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் அம்மா தைத்த தையல்தான் அந்த மண். நான் கழுவிய கீரையை எடுத்து அரிந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

செப். 10, புதன்

மேகமூட்டம். ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறும்போது மெட்ரோவில் மூச்சுவிட இடமில்லை. சூப்பர்வைசர் மஞ்சுநாத் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. "ஏனம்மா, பைலட் மேடம்!" என்று கேலி. சிரித்தேன். பின்பு சிரிக்காமல் பார்த்தேன். நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமா. அம்மாவின் தம்பி, அத்திபெலேயில் எலக்ட்ரிக்கல் கடை. அந்த மனையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அது பாதி தன்னுடையது என்கிற மாதிரியே பேசுவார்.

"ஏன்க்கா, முப்பத்தியொரு வயசுல பிளைட் ஓட்டி யாரைத் தூக்கிட்டுப் போகப் போறா? இது ஆம்பளைங்களுக்கே கஷ்டம். பொம்பளப் புள்ளைக்கு ஆகுற காரியமா?"

அம்மா: "டீ ஆறுது, குடி."

"நான் சொல்றதக் கேளு. கல்யாணத்துக்குன்னு வாங்கிப் போட்ட மனை அது."

"யாரு சொன்னா? நான் எதுக்குன்னும் சொல்லி வாங்கல."

மாமா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீயாச்சும் யோசி."

"யோசிச்சுட்டுதான் மாமா இருக்கேன். ஞாயித்துக்கிழமை போய் ஏறிப் பாக்கப் போறேன்."

அவர் போன பிறகு அம்மா: "இருபத்திரெண்டு வருஷம் காலர் மட்டும் தைச்சேன்டி. காலர் முடிஞ்சா அடுத்தவகிட்ட போயிடும். ஒரு முழுச் சட்டை என் கையால முடிஞ்சதே இல்ல. நீ ஏதாவது ஒண்ண முழுசாப் பண்ணு."

இதற்குப் பிறகு என்னத்தைச் சாப்பிடுவது.

செப். 14, ஞாயிறு

தெளிவான வானம். காற்று இல்லை. மெஜஸ்டிக்கிலிருந்து இரண்டரை மணி நேரம் பஸ், பிறகு ஷேர் ஆட்டோ.

ஏறினேன்.

ஓடுதளத்தின் ஓரத்தில் ஐந்து விமானங்கள். சின்னவை, நான்கு இருக்கை. என்னைக் கூட்டிப்போன பயிற்றுநருக்கு இருபத்துநான்கு வயது. கே.ஜி.எஃப். பெண், நல்ல தமிழ். பெயரை முழுதாக எழுத மாட்டேன். ஜெ.

ஏறும் முன் இறக்கைத் தொட்டியில் குச்சி விட்டு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கதவு ஆட்டோ கதவைவிட லேசு. உள்ளே பெட்ரோல் வாசனையும் பழைய ரெக்சின் வாசனையும். ஜெ. முன்னால் இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டினாள். உயரம், வேகம், எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர். மீட்டரைப் பார்த்தால் குறித்துக்கொள்வது என் பழக்கம். 4312.6. கையில் எழுதிக்கொண்டேன்.

"எதுக்கு அக்கா எழுதுறீங்க?"

"சும்மா. தொழில் புத்தி."

மேலே போனதும் கைப்பிடியை என்னிடம் விட்டாள். இறுக்கிப் பிடித்துவிட்டேன். விமானத்தின் மூக்கு மேலே ஏறியது.

"விடுங்கக்கா, விடுங்க. ரெண்டு விரல் போதும். அதுக்குப் பறக்கத் தெரியும். நீங்க கெடுக்காம இருந்தாப் போதும்."

இரண்டு விரல். நேரானது. கீழே ராகி வயல், ஒரு ஏரி, லாரிகள் போகும் ரோடு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாலு நிமிடமாக இருக்கலாம். இறங்கியதும் நகராமல் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் இல்லை. என்னவென்று தெரியவில்லை. எழுதவும் வரவில்லை.

கீழே விவேக் காத்திருந்தார். "எப்படி மேடம்? அக்டோபர் பத்துக்குள்ள சீட் புக் பண்ணிடுங்க. அப்புறம் ரேட் ஏறும்."

அவரிடம் அப்போது எதையும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

செப். 20, சனி

மதியம் பலத்த மழை. மெடிக்கல் முடிந்தது. கண், காது, ஈ.சி.ஜி., இரத்தம், சிறுநீர். நிறம் பிரித்தறியும் புத்தகத்தைப் புரட்டிய டாக்டர், "வேகமா படிக்கிறீங்களே." கம்பெனியில் வருடா வருடம் இதே சோதனைதான் டாக்டர்.

தகுதி உண்டு என்றார். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. அவ்வளவுதான்.

செப். 28, ஞாயிறு

வெயில், லேசான காற்று. அம்மா என்னிடம் கேட்காமலே மாமாவிடம் சொல்லிவிட்டார்: ஆள் பார், மனையைக் கொடுத்துவிடலாம். மாமா முணுமுணுத்துக்கொண்டே ஒருவரைப் பிடித்திருக்கிறார். அக்டோபர் 12 வருகிறார்களாம்.

பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். விமானம் பயமில்லை. பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வருவது பயம்.

செப். 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் கம்பெனியில் இன்றே ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் சாமந்தி மாலை, விபூதிப் பட்டை. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சுநாத் "ஜெய்!" என்று கத்த, பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. கடலைப்பொறி, கேசரி. என் அளவுக் கருவிகளுக்கும் நானே பொட்டு வைத்தேன்.

அக். 5, ஞாயிறு

நல்ல வெயில். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்தப் பள்ளிக்கு. மனையை விற்பவர் பார்க்க வேண்டாமா. அம்மா பட்டுப்புடவை. பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் புடவை கசங்காமல் நேராக உட்கார்ந்து வந்தார்.

விவேக் அம்மாவுக்கு நாற்காலி போட்டு ஜூஸ் கொடுத்தார். "உங்க பொண்ணு கையில பிளைட் இருக்கப் போகுதும்மா." அம்மா அவரைப் பார்க்கவில்லை. வெளியே விமானங்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து வரிசையாக ஒவ்வொன்றையும் சுற்றி வந்தார். குனிந்துகூடப் பார்த்தார்.

நான் அன்று ஏறிய விமானத்திடம் போனேன். கண்ணாடி வழியாக மீட்டர். 4323.9.

இன்னொரு முறை பார்த்தேன். 4323.9.

இருபத்தொரு நாள். பதினொரு மணி நேரமும் கொஞ்சமும். அதில் என்னைச் சுற்றிக்காட்டியதும் சேர்த்தி.

ஜெ. கேன்டீன் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டேன். "இது மூணு வாரத்துல பதினொரு மணி நேரம்தான் ஓடியிருக்கு. மத்த நாலாவது ஓடுதா?"

குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என் பேரச் சொல்லிடாதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன்."

"ஒண்ணுதான். மத்த நாலுக்கும் பார்ட்ஸ் வரணும். வரணும் வரணும்னு ஒரு வருஷமா சொல்றாங்க. ஸ்டூடன்ட்ஸ் முப்பத்தெட்டு பேர்."

"நீ இங்கதான் படிச்சியா?"

"இதே புரோகிராம்தான். பதினாலு மாசம்னு சேந்தேன். மூணு வருஷம் ஆச்சு. எங்க பேட்ச்ல இன்ஸ்ட்ரக்டர் ஆனது நானும் இன்னொரு பையனும். அவன் விட்டுட்டுப் போயிட்டான்."

"நீ ஏன் போகல?"

"பறக்கிறது புடிச்சிருக்கே அக்கா." குழாயை மூடினாள். "உங்களுக்கும் புடிச்சிருக்கு. அன்னிக்கே பாத்தேன். அதனாலதான் சொல்றேன்."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். இந்தப் பள்ளியில் சேரவில்லை.

அம்மா ஜன்னல் பக்கமே பார்த்தபடி, "பயந்துட்டியா?"

எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு சொல் அளவுக்கு எதுவும் உள்ளே போனதில்லை.

"பயப்படல. மீட்டர் ஓடல."

"உங்க மாமா ஜெயிச்சிட்டான்னு சொல்லு."

ஜெ. சொன்னதையும், இரண்டு எண்களையும் காட்டினேன். அம்மா வாங்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் தர்பூசணி சாப்பிட்டு விதைகளை ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே வந்தார். அவர்மேல்தான் எல்லாக் கோபமும்.

அக். 6, திங்கள்

மூடுபனி மாதிரி ஒன்று, எட்டு மணி வரை. வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் இருந்துச்சுடி."

"என்ன?"

"பூஜைக்கு வெச்ச பழம். நாலு பிளைட்டுக்கும். நசுங்கவே இல்ல. அப்படியே வாடிப் போயிருந்துச்சு. முன்னாடி காத்தாடியில போட்ட மாலையும் அப்படியே. ஓடுற மெஷின்ல மாலை நிக்குமா? லைன்ல நான் பாக்காத மெஷினா?"

குனிந்து பார்த்தது அதற்குத்தான்.

"நேத்தே தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"உன் முகத்தப் பாத்தேன். அன்னிக்கு ஏறிட்டு வந்தப்ப இருந்த முகம். நானா அதைக் கெடுக்கணுமான்னு இருந்துச்சு. நீயா கண்டுபிடிக்க மாட்டியான்னும் இருந்துச்சு. நீ கண்டுபிடிச்சப்ப எல்லாம் போச்சேன்னு பொறுக்கல." அடுப்படிப் பக்கம் திரும்பி, "பயந்துட்டியான்னு கேட்டது தப்பு."

அம்மா தப்பு என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. மெட்ரோவைத் தவறவிட்டேன். மஞ்சுநாத் கேட்டதற்கு மழை என்றேன். மழையே இல்லை.

அக். 9, வியாழன்

இன்று உண்மையிலேயே மழை. மதிய இடைவேளையில் விவேக் போன்.

"மேடம், நாளைக்கு லாஸ்ட் டேட். இதைச் செலவுன்னு பாக்காதீங்க, இன்வெஸ்ட்மென்ட்."

"சார், உங்ககிட்ட அஞ்சு பிளைட்ல எத்தனை ஓடுது?"

"எல்லாமே ஃப்ளையபிள் மேடம். இது மழை சீசன், கொஞ்சம் ஸ்லோ."

நோட்டு கையில் இருந்தது. நான் போன இரண்டு ஞாயிறும் வெயில். "சரி சார். போன மாசம் ஒவ்வொண்ணும் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு எழுத்துல குடுங்க. இதுவரைக்கும் எத்தனை பேர் இன்ஸ்ட்ரக்டர் ஆனாங்கன்னும் குடுங்க. குடுத்தா நாளைக்கே வர்றேன்."

"மேடம், இவ்ளோ சந்தேகப்படுறவங்களுக்கு ஏவியேஷன் செட் ஆகாது."

இந்தத் தடவை பதில் நேரத்துக்கு வந்தது. "சந்தேகப்படுறவங்களுக்குத்தான் சார் செட் ஆகும். கிளம்புறதுக்கு முன்னாடி பெட்ரோல் இருக்கான்னு குச்சி விட்டுப் பாக்கச் சொன்னது உங்க இன்ஸ்ட்ரக்டர்தான்."

வைத்துவிட்டார். கேன்டீனில் இரண்டாவது தட்டு பிசிபேளாபாத் வாங்கிச் சாப்பிட்டேன்.

அக். 12, ஞாயிறு

வெயில். மாமா, கூடவே மனை வாங்க வந்தவர், அவர் மனைவி. பஜ்ஜி போட்டோம்.

வந்தவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன், இப்போது விற்கவில்லை என்று. மாமா முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"நான் அப்பவே சொன்னேன்ல? பொம்பளப் புள்ளைக்கு ஆகாதுன்னு!"

இந்த நிமிடத்துக்காகத்தான் ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டது. இந்தப் பள்ளி வேண்டாம் என்றால் எல்லார் கண்ணிலும் நான் தோற்றவள். அவர்கள் வாயை அடைக்கவே சேர்ந்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். யோசித்ததை மறைப்பதில்லை. இன்னொருத்தர் வாயை அடைக்க அம்மாவின் இருபத்திரெண்டு வருடத்தைக் கொடுப்பதா?

"நீங்க சொன்னது பொம்பளைக்கு ஆகாதுன்னு மாமா. நான் சொல்றது அந்த ஸ்கூல் ஆகாதுன்னு. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ போகல இல்ல?"

"போவேன்."

மனை வாங்க வந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பஜ்ஜி சாப்பிட்டார். அவர் மனைவிதான் கேட்டார்: "பிளைட் ஓட்டக் கத்துக்கிறீங்களா? நெஜமாவா?" அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு விரல் போதும் என்பது வரை. மாமா வெளியே போய் போன் பேசுவது மாதிரி நின்றார்.

அம்மா அவர்களை வாசல் வரை கொண்டுவிட்டு: "உங்க நம்பர் என்கிட்ட இருக்கு. என் பொண்ணு சரியான எடம் பாத்ததும் நானே கூப்புடுறேன். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

மாமா பஜ்ஜி சாப்பிடாமல் போனார். சாயங்காலம் அம்மா அவருக்கு டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அது தனி.

அக். 18, சனி

மேகம். நகரத்துக்கு வடக்கே இன்னொரு பள்ளி. ஹோட்டல் கூட்டம் கிடையாது, ஜூஸ் கிடையாது. ஆபீஸில் ஒரு அம்மா, கன்னடம். மீட்டர்களைப் பார்த்துக் குறிக்கலாமா என்று கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "பன்னி, நோடி." வாங்க, பாருங்க. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் அந்தப் 'பன்னி'க்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

மூன்று விமானம். மூன்று எண்.

வானிலையியல் புத்தகம் பழையது ஒன்று வாங்கினேன். முதல் பாடம் மேகங்கள். இத்தனை நாள் இந்த நோட்டில் வெறும் "மேகம்" என்று எழுதியிருக்கிறேன். வெட்கம்.

அக். 25, சனி

காலையில் தாழ்ந்த படை மேகம், பத்து மணிக்குக் கலைந்தது. (இப்போது பெயர் தெரியும்.)

மறுபடி அங்கே. தீபாவளி வாரம்கூட: முதல் விமானம் 19.2 மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டாவது 16.8. மூன்றாவது பூஜ்யம். ஏன் என்று கேட்டேன். "எஞ்சினைக் கழட்டியிருக்கு, வாங்க காட்டுறேன்" என்று மெக்கானிக் கூட்டிப்போய்க் காட்டினார். கழற்றிய எஞ்சின், எண்ணெய்த் தட்டு, பெயர் ஒட்டிய பாகங்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். யாரும் துரத்தவில்லை.

ஆபீஸ் அம்மா சொன்னவை:
— பயிற்றுநர் ஆக மூன்று வருடமாவது. நாலும் ஆகலாம்.
— முடித்தால் இங்கே வேலை என்று சொல்ல மாட்டோம்.
— கட்டணம் கட்டம் கட்டமாக. பறந்ததற்கு மட்டும்.
— மொத்தச் செலவு மற்ற பள்ளிகளைவிடக் குறைவு ஒன்றும் இல்லை.
— இடம் இல்லை. பெயர் எழுதிவைத்தால் எட்டு மாதத்தில் கூப்பிடுவோம். தியரிப் பரீட்சைகளை அதற்குள் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொன்றும் மோசமான செய்தி. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க மனசு லேசானது. தகுமா, தகாதா என்று ஏழு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தகும். முடிக்கும்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதாகும். சேராவிட்டாலும் அந்த வயது ஆகத்தான் போகிறது. வேலைக்கு உத்தரவாதம் இல்லை. பீன்யாவில் மட்டும் யார் கொடுத்தார்கள்?

ஜெ.க்கு இந்தப் பள்ளியின் நம்பர் அனுப்பினேன். அங்கே பயிற்றுநர் தேவையாம், கேட்டு வைத்தேன். "தேங்க்ஸ் அக்கா" மட்டும் வந்தது. பார்ப்போம்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அம்மாவுக்குப் போன்.

"பேர் எழுதியாச்சும்மா."

"எத்தனாவது?"

"பதினேழு."

"பென்சில்லயா, பேனாவுலயா?"

"பேனா."

"அவங்க எழுதினாங்களா?"

"இல்லம்மா. நோட்டை வாங்கி நானே எழுதினேன்."